மூன்றாவது முறை வரமாட்டேன் என்கிற மகள்

ஓர் அம்மா கேட்டிருந்தார்: "என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான்கு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. பள்ளிக்கூடம் என்றாலே அழுகை. கையில் கீறிக்கொண்ட தடம் பார்த்துப் பயந்துபோய் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். ஒன்றரை மணி நேரம் பஸ். இரண்டு தடவை வந்தாள். மாத்திரையை ஒரு வாரம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாள். இப்போது வரவே மாட்டேன் என்கிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். எப்படிச் சம்மதிக்க வைப்பது? இந்த வயசுப் பிள்ளைகள் ஏன் இப்படி மறுக்கிறார்கள்?"

நான் மனநல சமூகப் பணியாளர். பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் அரசு மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவு, இப்போது ஒரு சிறிய கிளினிக். நான் பார்க்கிறவர்களில் பாதிக்கு மேல் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம், உங்கள் மகள் இரண்டு தடவை வந்திருக்கிறாள். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக அதில் தெரிந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் மாதிரியான பொதுவான பிரச்சினை உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் வந்து சேரவில்லை. உங்கள் மகள் வாசல்வரை வந்து, உள்ளேயும் வந்து, எதையோ பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். எதைப் பார்த்துத் திரும்பினாள் என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

என் அனுபவத்தில் பிள்ளைகள் சிகிச்சையை மறுப்பது குறைவு. தாங்கள் அங்கே கொண்டுபோகப்பட்ட விதத்தைத்தான் மறுக்கிறார்கள். தன்னைக் கேட்காமல் முடிவாகி, தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசி, தன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிற ஓர் இடத்துக்கு எந்தப் பிள்ளையும் விரும்பி இரண்டாம் முறை வராது. பெரியவர்களே வர மாட்டார்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை, ஆனால் நான் வாரம் தவறாமல் பார்க்கிற காட்சி இது. "சும்மா ஒரு செக்கப்", "சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள். பலகையைப் பார்த்ததும்தான் பிள்ளைக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று புரியும். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பிப்பார். "நல்லா படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு சார், பத்தாவதுல நானூத்தி அறுபது." அப்புறம் செல்போன், அப்புறம் கதவைச் சாத்திக்கொள்வது, அப்புறம் கையில் இருக்கும் கீறல். இருபது நிமிடம் போய்விடும். பிள்ளை நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரே இருப்பவர், "அம்மா அப்பா உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறாங்க தெரியுமாம்மா?" என்று கேட்பார். அவ்வளவுதான், முடிந்தது. அந்தப் பிள்ளையின் கணக்கில் அது பஞ்சாயத்து. குற்றம் சொன்னவர்கள் ஒருபக்கம், தீர்ப்பு சொல்பவர் ஒருபக்கம், நடுவில் அவள்.

நம் ஊரில் 'கவுன்சிலிங்' என்றால் புத்தி சொல்வது என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். "நீங்க நாலு வார்த்தை சொன்னா கேட்பான் மேடம்" என்று என்னிடம் நேராகவே சொல்வார்கள். புத்தி சொல்ல வீட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், பள்ளியில் இருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதற்காக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வர அவளுக்குத் தேவையில்லை. அவளுக்குத் தேவைப்படுவது, அவள் சொல்வதை அவள் சொல்கிற வேகத்தில் கேட்கிற ஓர் ஆள். அதனால் முதல் சந்திப்பில் பெற்றோர் பேசுவதைப் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, மீதி நேரம் முழுவதும் பிள்ளையோடு மட்டும் உட்காருவதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

ஒரு பையனைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான். பதினைந்து வயது. மூன்று தடவை வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது தடவை நான் எதையும் கேட்பதை விட்டுவிட்டு, "இங்க எதைப் பத்திப் பேசவே கூடாதுன்னு நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "மார்க்" என்றான். சரி, நீயாக எடுக்கிறவரை மார்க் பற்றி இந்த அறையில் பேச்சு கிடையாது என்று முடிவு செய்தோம். அவன் அப்பாவிடமும் அவன் எதிரிலேயே அதைச் சொன்னேன். அதற்கு அடுத்த வாரம்தான் அவன் தூக்கம் வராததைப் பற்றிப் பேசினான். இரண்டு மாதம் கழித்து டவுன் பஸ் ஏறித் தனியாகவே வர ஆரம்பித்தான். நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவன் வாழ்க்கையில் அந்த வருடம் அவன் சொல்லி நடந்த ஒரே விஷயம் அதுவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவமானம் பற்றியும் பேசியாக வேண்டும். 1794இல் சென்னையில் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்று கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகமாக இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிய இடம். ஆனால் நம் பேச்சில் 'கீழ்ப்பாக்கம்' என்பது வசவு. வகுப்பறையில் 'மெண்டல்', 'லூசு', 'சைக்கோ' எல்லாம் சாதாரணமாகப் புழங்குகிற வார்த்தைகள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை தன்னையே அந்த வாசலில் பார்க்கும்போது அதற்கு என்ன ஆகும்? 2021இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையில் 21 நாடுகளின் இளைஞர்களிடம் கேட்டிருந்தார்கள். மனநலப் பிரச்சினைக்கு மற்றவர்களிடம் உதவி கேட்பது நல்லது என்று சொன்னவர்கள் சராசரியாக 83 சதவீதம். இந்தியாவில் 41 சதவீதம்தான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பெற்றோரின் பயம் வேறு, பிள்ளையின் பயம் வேறு. உங்களுக்கு 'நாலு பேருக்குத் தெரிஞ்சா', 'நாளைக்குக் கல்யாணம்' என்கிற பயம். அவளுக்கோ, தெரிந்த பெண் யாராவது அந்த வாசலில் பார்த்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாளோ என்கிற பயம். அதைவிட ஆழமாக இன்னொன்று இருக்கும்: "எனக்கு நிஜமாவே ஏதோ ஆயிடுச்சுபோல." சிகிச்சைக்குப் போகாதவரை அது வெறும் சந்தேகம். போனால் உறுதியாகிவிடும். நிறையப் பிள்ளைகள் இந்த ஒரு காரணத்துக்காகவே வராமல் இருக்கிறார்கள், அதை வெளியே சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று குரலைத் தாழ்த்திப் பேசும்போது, இது மறைக்க வேண்டிய விஷயம்தான் என்று அவளும் முடிவு செய்துகொள்கிறாள்.

சினிமா கொடுத்த பயங்களும் உண்டு. "ஷாக் கொடுப்பாங்களா?", "என்னை அங்கேயே விட்டுட்டுப் போயிடுவாங்களா?" என்று பதினாறு வயதுப் பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை தடை செய்யப்பட்டிருக்கிறது. மிக அரிதாகத் தேவைப்பட்டாலும் பெற்றோர் சம்மதத்தோடு, மனநல ஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டி வந்தால், பெரியவர்கள் இருக்கும் வார்டில் போடக் கூடாது. அங்கே இருக்கிற நாட்கள் முழுவதும் பெற்றோரோ அவர்கள் நியமிக்கிற ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் கூட இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் கேட்காமல் இருக்கலாம், ஆனால் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருக்க வாய்ப்பு உண்டு.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் நினைப்பது: ரகசியம்.

பிள்ளைகள் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது, 'இவங்க அம்மாகிட்ட சொல்லிடுவாங்களா?' என்ற ஒரே கேள்வியில்தான். முதல் சந்திப்பு முடிந்து காரிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்ததும் நீங்கள், "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?" என்று கேட்டிருந்தால், அவளுக்கு அந்தச் சந்திப்பு அங்கேயே பாழாகிவிட்டது. அதைவிட மோசமானது, அவள் அறையில் சொன்ன ஏதோ ஒன்று ராத்திரி சண்டையில் உங்கள் வாயிலிருந்து வருவது. ஒரு முறை வந்தால் போதும். அப்புறம் எவ்வளவு நல்ல மருத்துவராக இருந்தாலும் அவளுக்கு அவர் அம்மாவின் ஆள்.

மறுபக்கம் உங்கள் நிலைமையும் எனக்குப் புரிகிறது. சட்டப்படி அவளுக்காகச் சம்மதக் கையெழுத்துப் போடுவது நீங்கள். அவள் கையில் கீறலைப் பார்த்தவர் நீங்கள். "எனக்கு எதுவுமே தெரியக் கூடாதா?" என்ற உங்கள் கேள்வி நியாயம். அதனால் இதை இப்படிப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன். அவள் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, என்ன சிகிச்சை நடக்கிறது, வீட்டில் நாம் என்ன மாற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் என்ன பேசினாள், யாரைப் பற்றிப் பேசினாள் என்பது அவளுடையது. இந்தப் பிரிவை மருத்துவரோ ஆலோசகரோ அவள், நீங்கள், அவள் அப்பா மூன்று பேரும் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள்: "இவ சொல்றதுல எதை எங்ககிட்ட சொல்வீங்க, எதைச் சொல்ல மாட்டீங்க?" இந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து வருவதை அவள் கேட்பதே பாதி மருந்து.

இதில் ஒரு கஷ்டமான முடிச்சும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் யாராக இருந்தாலும் புகார் தெரிவித்தாக வேண்டும். மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் விலக்கு கிடையாது. பதினாறு, பதினேழு வயதில் காதல் என்று இருக்கிற பிள்ளைகள் இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, எதைச் சொன்னாலும் போலீஸ் வந்துவிடும் என்று மொத்தமாக வாயை மூடிக்கொள்கிறார்கள். உண்மையிலேயே வன்கொடுமைக்கு ஆளான பிள்ளையும் அதே பயத்தில் மூடிக்கொள்கிறது. எங்களில் சிலர் இந்த எல்லையைச் சொல்லாமலே பேச்சை ஆரம்பித்துவிடுகிறார்கள். அது தவறு. "நீ சொல்றதுல இந்த மாதிரி விஷயம் மட்டும் என்னால ரகசியமா வெச்சுக்க முடியாது, மத்ததெல்லாம் உன்னோடது" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், பிள்ளைக்கு எதைச் சொல்வது என்று யோசிக்கவாவது ஓர் இடம் கிடைக்கும். பின்னால் ஏமாற்றப்பட்டதாக நினைக்காது.

மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் மகள் ஒரு வாரத்தில் நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் வேலை செய்ய ஆரம்பிக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் குமட்டல், தலைவலி, ஒருவித படபடப்பு, தூக்கத்தில் மாறுதல் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆக, அந்த முதல் வாரத்தில் அவளுக்குக் கிடைத்தது தொந்தரவு மட்டும்தான். அதை யாராவது முன்கூட்டியே அவளிடம், உங்களிடம் அல்ல, அவளிடம், சொல்லியிருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம். இதோடு வீட்டில் யாராவது "இதெல்லாம் தூக்க மாத்திரை, பழகிட்டா விட முடியாது" என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலான மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரை அல்ல, போதை மாதிரி அடிமைப்படுத்துவதும் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், அதனால் மருத்துவர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். இளவயதினருக்கு இந்த மாத்திரையை ஆரம்பிக்கிற முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதும் மருத்துவ உலகில் தெரிந்த எச்சரிக்கைதான். அதனால்தான் ஆரம்பத்தில் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். நிறுத்திவிட்டாள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து "போட்டுக்கிட்டுதான் இருக்கா" என்று சொல்கிற பெற்றோர் நிறைய. அப்படிச் சொன்னால் அவர் அளவைக் கூட்டிவிடுவார்.

அப்புறம், மாத்திரை எங்கே இருக்கிறது, யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதும் விஷயம்தான். கீறிக்கொள்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் மொத்த மாத்திரையையும் அவள் அலமாரியில் வைக்கக் கூடாது, உங்கள் பூட்டிலேயே இருக்கட்டும். ஆனால் கொடுக்கிற விதத்தில் அவளுக்கு மரியாதை இருக்க முடியும். "மாத்திரை போட்டியா?" என்று பாட்டி, தம்பி எல்லோர் காதிலும் விழக் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

நேரமும் தூரமும் எவ்வளவு பேரைச் சிகிச்சையிலிருந்து வெளியேற்றுகிறது என்பது வெளியே பேசப்படுவதில்லை. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் பிரிவு காலையில்தான். வந்தால் பள்ளிக்கு லீவு, அப்பாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் ஸ்பெஷல் கிளாஸ், டெஸ்ட். "ஏன் வரல?" என்று வகுப்பில் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை வேறு. அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வரும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த நாள் என்று மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம் அரை மணியாகலாம். நடுவில் ஒரு சந்திப்பைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். நிறையப் பேர் இப்போது ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டில் அவளுக்குக் கதவு மூடிப் பேச ஓர் இடம் இல்லையென்றால் தொலைபேசிச் சந்திப்பு வீண். ஒற்றை அறை வீட்டில் இருக்கும் ஒரு பெண் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என்னிடம் பேசுவாள். அவள் அம்மா கீழே படியில் நின்று யாரும் மேலே போகாமல் பார்த்துக்கொள்வார். அந்த அம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். பீகாரில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிள்ளைகளின் மனநலத்துக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் வெளியிலிருந்து வந்த, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு, அடிதடி, கேலி செய்து துன்புறுத்துவது எல்லாம் குறைந்தது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படி மாற்றமே இல்லை. ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்பதல்ல இதற்குப் பொருள் என்று நினைக்கிறேன். மார்க் போடுகிற கையிடம் மனசைத் திறப்பது எந்த மாணவனுக்கும் கஷ்டம். டெல்லி அரசுப் பள்ளிகளில் இன்னொரு ஆய்வு. வகுப்பில் ஒரு சின்ன வீடியோவும் கலந்துரையாடலும் வைத்து, இப்படி ஒரு உதவி பள்ளியிலேயே இருக்கிறது, நீங்களே வரலாம் என்று சொன்னார்கள். அப்படிச் சொன்ன வகுப்புகளிலிருந்து யாரும் அனுப்பாமல் தானாக வந்த பிள்ளைகள் கூடினார்கள். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் மையங்களும் இதே யோசனைதான்: 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் மருத்துவமனை வாசனையில்லாத ஓர் இடத்துக்குத் தாங்களே நடந்து வரலாம். பிள்ளைகளுக்கு உதவி வேண்டாம் என்பதில்லை. தன் காலில் வர ஒரு வழி வேண்டும்.

உங்கள் மகளின் பள்ளியில் யாரிடம் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் வகுப்பாசிரியர், நல்ல எண்ணத்தில்தான், "இவளைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, ட்ரீட்மென்ட்ல இருக்கா" என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் பள்ளியையும் விட்டாள், சிகிச்சையையும் விட்டாள்.

கோயில், தர்கா, கயிறு, ஜோசியம் பற்றிப் பல வீடுகளில் சண்டை நடக்கும். பாட்டி மந்திரிக்கக் கூட்டிப் போக வேண்டும் என்பார், அப்பா வேண்டாம் என்பார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடியில், ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நான் மறக்கவில்லை. கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது எதற்கும் சம்மதிக்கக் கூடாது. ஆனால் அதே ஏர்வாடியில் பின்னால் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு நடந்தது. தொழுகையும் மாத்திரையும் சேர்ந்தே போகலாம். திருநீறு பூசிக்கொண்டு வருகிற பிள்ளையை நான் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை. பாட்டியோடு சண்டை போட்டு அதில் பிள்ளையை நடுவில் நிறுத்துவதுதான் கெடுதல்.

சரி, இப்போது உங்கள் மகளிடம் என்ன பேசுவது. முதலில் மன்னிப்பு. அவளை ஏமாற்றிக் கூட்டிப் போயிருந்தாலோ, அவள் முன்னால் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாலோ, அதைச் சொல்லிவிடுங்கள். "நான் பயந்துட்டேன்மா. அன்னைக்கு உன்னைக் கேட்காமயே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்." நம் வீடுகளில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை. அதனாலேயே அது பெரிதாகப் போய்ச் சேரும். இதை நேருக்கு நேர் உட்காரவைத்துச் சொல்லாதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, துணி மடிக்கும்போது, முகம் பார்க்காத ஏதாவது ஒரு நேரத்தில் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி: "அங்க எது பிடிக்கல?" பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து வரும். டாக்டரா, மாத்திரையா, காத்திருக்கிற இடமா, நாம் கூட இருந்ததா? பிடிக்காதது டாக்டர் என்றால் ஆளை மாற்றலாம், அதில் ஒரு தவறும் இல்லை. பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்றால் அதைக் கேட்பது அவள் உரிமை. சிகிச்சை பலன் தருவதில் ஒரு முக்கியமான பங்கு, பிள்ளைக்கும் சிகிச்சை தருபவருக்கும் நடுவே உண்டாகிற நம்பிக்கைக்கு உண்டு. அது உண்டாகாத இடத்துக்குத் தொடர்ந்து இழுத்துப் போவதால் லாபமில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் இன்னும் ஒரே ஒருமுறை போய், பிடிக்காததை அவரிடமே சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மருத்துவர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

அவளுக்கு என்ன சரியாக வேண்டும் என்றும் கேளுங்கள். நீங்கள் 'பள்ளிக்குப் போக வேண்டும்' என்று நினைப்பீர்கள். அவள், 'ராத்திரி தூங்கணும்' என்பாள், அல்லது 'வீட்ல கத்தாம இருந்தா போதும்' என்பாள். சிகிச்சை அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். தூக்கத்துக்காக வருகிற பிள்ளை வரும். உங்களுக்காக வருகிற பிள்ளை இரண்டு தடவையோடு நின்றுவிடும்.

அப்பாவைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரியும் இல்லை. ஒருவேளை அவர் "இதெல்லாம் கொழுப்பு, நாங்க படாத கஷ்டமா" என்கிறவராக இருக்கலாம், இல்லை ஒன்றும் பேசாதவராக இருக்கலாம். வீட்டில் ஒருவர் இதை நோய் என்றும் இன்னொருவர் திமிர் என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்வரை, பிள்ளை எந்தப் பக்கம் நின்றாலும் தோற்றுப்போகும். அவரை நம்பவைக்க வாதம் பண்ணாதீர்கள், மருத்துவரிடம் நேரில் கூட்டிப் போங்கள். எங்கள் மாதிரி ஆட்களிடம் அப்பாக்கள் தனியாகப் பேசும்போது பெரும்பாலும் பயம்தான் வெளியே வரும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்கிறேன். சாக வேண்டும் என்று சொன்னாலோ, எழுதியிருந்தாலோ, தனக்குப் பிடித்த பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, கீறல் அடிக்கடியோ ஆழமாகவோ ஆனாலோ, சாப்பாடு தண்ணீர் இரண்டையும் விட்டாலோ, அவள் சம்மதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, தைரியமாகக் கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி, 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அந்த எண்ணை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அவள் போனிலும் பதிந்து வையுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத ஒரு ராத்திரியில் அவளே கூப்பிடலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நேரத்தை ரத்து செய்ய வேண்டாம். அவளிடம், "நானும் அப்பாவும் போறோம். உன்னைப் பத்திக் குறை சொல்ல இல்ல, வீட்ல நாங்க என்ன மாத்திக்கணும்னு கேட்க. நீ வந்தா சந்தோஷம், வரலைன்னா பரவாயில்ல" என்று சொல்லுங்கள், சொன்னபடியே போய் வாருங்கள். அவளைத் தனியாக விட்டுப் போகாமல், அவளுக்குப் பிடித்த யாராவது அன்றைக்கு வீட்டில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் மருத்துவர் உங்களிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னது என்ன என்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அதை அன்று ராத்திரியிலிருந்தே செய்ய ஆரம்பியுங்கள். அதற்கு அடுத்த சந்திப்புக்குத் தேதியும் நேரமும் அவளே பார்த்துச் சொல்லட்டும்.